குடிநீர் தரும் காட்டைத் தீயிலிருந்து காப்பது எப்படி? குன்னூருக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

குன்னூர் ஃபாரஸ்ட் டேல் பகுதியில் 2024 மார்ச் மாதம் காடு பல நாள் எரிந்தது. ஆட்கள் ஏறி அணைக்க முடியாத சரிவு. கடைசியில் விமானப்படையின் எம்ஐ-17 ஹெலிகாப்டர் வந்து, அடியில் தொங்கவிட்ட பெரிய பக்கெட்டில் தண்ணீர் மொண்டு சுமார் 16,000 லிட்டர் ஊற்றியது. தண்ணீர் மொண்ட இடம் ரேலியா அணை. குன்னூர் நகரத்துக்குக் குடிநீர் தருவதும் அதே அணைதான். கோடை தொடங்கும் நேரத்தில், குடிக்க வைத்திருந்த தண்ணீரையே எடுத்துத் தீயில் ஊற்ற வேண்டியதாயிற்று.

மலைக்குப் புதிதாகக் குடிவந்தவர்கள், சிறு தேயிலைத் தோட்டம் வாங்கியவர்கள், குடியிருப்போர் சங்கத்திலோ தன்னார்வக் குழுவிலோ இப்போதுதான் சேர்ந்தவர்கள், இவர்களுக்காக இதை எழுதுகிறேன். குன்னூரை வைத்துச் சொல்கிறேன். பார்சன்ஸ் வேலி அணையிலிருந்து தண்ணீர் பெறும் ஊட்டிக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும். ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். மார்ச்சில் தீயை அணைப்பவர்களின் துணிச்சலை ஊர் பேசும், பேசவும் வேண்டும். ஆனால் மார்ச்சில் எவ்வளவு எரியும் என்பது நவம்பரிலிருந்து ஜனவரி வரை நாம் என்ன செய்தோம் என்பதைப் பொறுத்தது.

தீக்கும் தண்ணீருக்கும் என்ன தொடர்பு?

காடு எரிந்தால் மரம் போகும், விலங்கு சாகும் என்பது எல்லோருக்கும் தெரியும். தண்ணீருக்கு வரும் கேடு தீப்பிடித்த அன்று தெரியாது, அடுத்து வரும் மழையில்தான் தெரியும். நல்ல காட்டின் தரையில் சருகு மெத்தை இருக்கும், அதன் கீழே மக்கிய மண், அதற்கும் கீழே வேர்ப்பின்னல். மழை இதன் வழியாக மெதுவாக இறங்கிப் பல வாரம் கழித்து ஓடையில் ஊறி வரும். கடுந்தீ சருகை எரித்துவிடுகிறது. சருகில் உள்ள மெழுகுப்பொருள் ஆவியாகி மண்ணுக்குள் இறங்கி, குளிர்ந்து, மண் துகள்களின்மேல் படிகிறது. எரிந்த இடத்தில் சாம்பலை ஒதுக்கிவிட்டு மண்ணில் ஒரு கை தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். சில இடங்களில் தண்ணீர் உள்ளே போகாமல் முத்து முத்தாக உருண்டு நிற்கும். அந்த மண்ணில் கோடை மழை விழுந்தால் சாம்பலையும் மேல்மண்ணையும் அள்ளிக்கொண்டு நேராக அணைக்குள் போய் இறங்கும்.

அணைக்குள் போன வண்டல் கொள்ளளவைக் குறைக்கிறது. சாம்பலில் உள்ள பாஸ்பரஸும் நைட்ரஜனும் பாசி வளர உரமாகின்றன. கலங்கல் நீரில் குளோரின் சரியாக வேலை செய்யாது. கரைந்த தாவரப்பொருளோடு குளோரின் சேர்ந்தால் உடலுக்கு ஆகாத துணைப்பொருள்களும் உண்டாகும். ஒரு நகராட்சியின் சுத்திகரிப்பு நிலையம் இதையெல்லாம் சமாளிப்பது எளிதில்லை.

அமெரிக்காவின் டென்வர் நகரம் இதைப் பெருஞ்செலவில் கற்றுக்கொண்டது. அதன் குடிநீர் வரும் மலைக்காட்டில் 1996 மே மாதம் பஃபலோ கிரீக் தீ எரிந்தது. இரண்டே மாதத்தில், ஜூலையில், எரிந்த சரிவின்மேல் ஒரு பெருமழை. வெள்ளத்தில் உயிர்கள் போயின, ஸ்ட்ரான்டியா ஸ்பிரிங்ஸ் நீர்த்தேக்கத்தில் வண்டல் குவிந்தது. 2002-ல் ஹேமன் தீ 1,30,000 ஏக்கருக்கு மேல் எரித்தது. வண்டலை அள்ளவும் தண்ணீரைச் சரிசெய்யவும் அந்த நகரின் குடிநீர் நிறுவனம் 2.7 கோடி டாலருக்கு மேல் செலவழித்தது. அதன் பிறகுதான் காட்டைப் பராமரிப்பதற்கு முன்கூட்டியே பணம் ஒதுக்கினார்கள்.

நீலகிரியில் இடைவெளி இன்னும் குறைவு. மார்ச்சில் தீ, ஏப்ரல் மே மாதங்களில் இடியோடு கோடை மழை. எரிந்த மண்ணில் புல் முளைக்கக்கூட நேரம் கிடைக்காது.

படி 1: உங்கள் குழாய்த் தண்ணீர் எந்தச் சரிவிலிருந்து வருகிறது?

நகராட்சியின் குடிநீர்ப் பிரிவில் போய்க் கேளுங்கள். எந்த வார்டுக்கு ரேலியா தண்ணீர், எந்த வார்டுக்கு எமரால்டு திட்டத் தண்ணீர், எந்தச் சிற்றோடையில் தடுப்பணை இருக்கிறது என்று அங்கே வேலை செய்யும் வால்வு திறப்பவருக்கு எல்லோரையும்விட நன்றாகத் தெரியும். அப்புறம் உயரக்கோடுகள் உள்ள ஒரு வரைபடத்தை எடுத்து, அணையைச் சுற்றியுள்ள மலைமுகடுகளை இணைத்து ஒரு கோடு போடுங்கள். அந்தக் கோட்டுக்குள் பெய்யும் மழைதான் அணைக்கு வருகிறது. உங்கள் அக்கறைக்குரிய நீர்ப்பிடிப்புப் பகுதி அதுதான்.

அந்தக் கோட்டுக்குள் என்ன வளர்ந்திருக்கிறது என்று குறியுங்கள். நான்கு நிறம் போதும். சோலைக்கு (மலை மடிப்புகளில் இயற்கையாக வளர்ந்த பசுமைமாறாக் காட்டுக்கு) ஒன்று, புல்வெளிக்கும் சதுப்புக்கும் ஒன்று, சீகை (வாட்டில்), கற்பூர மரம் (யூகலிப்டஸ்), பைன் நட்ட இடங்களுக்கு ஒன்று, தேயிலைக்கும் வீடுகளுக்கும் ஒன்று. சோலை ஈரமானது, எளிதில் தீப்பிடிக்காது. புல்வெளி சீக்கிரம் பற்றும், சீக்கிரம் அணையும், வேர் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். மூன்றாவது நிறம்தான் கவலை தருவது. கற்பூர மரத்தின் இலையில் எண்ணெய். உரிந்து தொங்கும் பட்டை நாடா நாடாவாகப் பற்றி, காற்றில் பறந்து, தொலைவில் போய் விழுந்து புதுத் தீ வைக்கும். சீகைத் தோப்பில் காய்ந்த கிளைகள் தரையிலிருந்து உச்சிவரை ஏணியாக நிற்கும். பைன் ஊசிச் சருகு எளிதில் மக்காது, அடுக்கடுக்காகச் சேரும்.

நான்காவது நிறம் மற்ற மூன்றையும் தொடும் விளிம்பைத் தடித்த கோடாக வரையுங்கள். நம் காடுகளில் பெரும்பாலான தீ மனிதக் கையிலிருந்து தொடங்குகிறது. அது தொடங்குவது பெரும்பாலும் அந்த விளிம்பில்தான்.

படி 2: மலையின் நாட்காட்டியைப் பழகிக்கொள்ளுங்கள்

சமவெளியிலிருந்து வந்தவர்கள் தீக்காலம் என்றால் ஏப்ரல், மே என்று நினைப்பார்கள். இங்கே அது முந்திவிடும். வடகிழக்குப் பருவமழை டிசம்பரில் ஓய்கிறது. அப்போது விழத் தொடங்கும் உறைபனி புல்லைக் கருக்கிவிடும். பார்வைக்குக் குளிர்காலம், ஆனால் ஜனவரிக் கடைசியில் அந்தப் புல்லைக் கையில் எடுத்து மடக்கினால் படக்கென்று ஒடியும். அப்படி ஒடிந்தால் தீக்காலம் வந்துவிட்டது. பிப்ரவரி, மார்ச் உச்சம். நல்ல கோடை மழை பெய்யும்வரை ஆபத்து நீடிக்கும்.

அதனால் தீத்தடுப்பு வேலை டிசம்பர் பாதியில் தொடங்கி ஜனவரிக்குள் முடிய வேண்டும். அதற்கு முன்னால் வெட்டினால் மழையில் மறுபடி தழைத்துவிடும். பிப்ரவரிக்குத் தள்ளிப்போட்டால் அரிவாள் கல்லில் பட்டுத் தெறிக்கும் பொறிக்கும் புல்வெட்டும் எந்திரத்தின் சூட்டுக்கும் பயப்பட வேண்டியிருக்கும்.

படி 3: வனத்துறையோடு சேர்ந்து செய்யுங்கள்

நல்ல மனதோடு நாலு பேர் அரிவாளை எடுத்துக்கொண்டு காப்புக்காட்டுக்குள் போனால் அது குற்றம். அங்கே அனுமதியில்லாமல் நுழைவதற்கும் வெட்டுவதற்கும் தீ மூட்டுவதற்கும் 1882-ஆம் ஆண்டின் தமிழ்நாடு வனச்சட்டத்தில் தண்டனை உண்டு. சரணாலயம் என்றால் 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டமும் சேர்ந்துகொள்ளும். சட்டம் ஒருபுறம் இருக்கட்டும், புதருக்குப் பின்னால் காட்டெருமை நிற்கிறதா என்று நமக்குத் தெரியாது, வேட்டைத்தடுப்புக் காவலருக்குத் தெரியும்.

வனச்சரக அலுவலகத்தில் நவம்பரிலேயே ஒரு கடிதம் கொடுங்கள். எத்தனை பேர் வருவீர்கள், எந்தெந்த நாட்களில், எந்த விளிம்பில் வேலை செய்ய விரும்புகிறீர்கள் என்று எழுதி, படி 1-ல் வரைந்த படத்தை இணையுங்கள். நகல் ஒன்று நகராட்சி ஆணையருக்கு. தண்ணீர் நகராட்சியின் பொறுப்பு, காடு வனத்துறையின் பொறுப்பு, தோட்டம் தனியாருடையது. இந்த மூன்று பேரும் ஒரே படத்தைப் பார்த்துப் பேசுவது அரிதாகவே நடக்கிறது. அந்தப் பேச்சைத் தொடங்கிவைத்தாலே உங்கள் சங்கம் பெரிய வேலை செய்ததாக அர்த்தம்.

படி 4: தீத்தடுப்புக் கோடு எடுப்பது

இதில் கொஞ்சம் நிதானமாக நிற்க வேண்டும். மற்றக் காடுகளில் சரியாக இருக்கும் முறை குடிநீர்க் காட்டில் தவறாகிவிடும்.

தீத்தடுப்புக் கோடு என்பது எரிபொருள் இல்லாத ஒரு பட்டை. தரையில் ஊர்ந்து வரும் தீ அங்கே வந்ததும் தின்ன எதுவும் இல்லாமல் நிற்கும். புல்லை வெட்டி, சருகை வாரி, மண் தெரியும்படி சுரண்டிவிடுவார்கள். பக்கத்தில் நிற்கும் புல்லின் உயரத்தைப்போல மூன்று மடங்காவது அகலம் வேண்டும். சரிவின் மேல்பக்கத்திலோ சீகைத் தோப்பின் ஓரத்திலோ இதைவிட அதிகம் தேவைப்படும். எவ்வளவு என்பதை வனவர் சொல்லட்டும்.

குடிநீர்க் காட்டில் அந்தச் சுரண்டிய மண்ணே சிக்கல். சரிவில் மேலிருந்து கீழாக நேராக ஒரு கோடு போட்டால் மழையில் அது வாய்க்காலாகி, ஒரே வருடத்தில் ஓடையாகிவிடும். தீ தடுக்க எடுத்த கோடே அணைக்கு மண் கொண்டுபோகும். அதனால் முடிந்தவரை முகட்டின்மேலும், ஏற்கெனவே உள்ள ரோடு, நடைபாதை, தோட்ட எல்லை இவற்றை ஒட்டியும் கோட்டை எடுங்கள். சரிவில் இறங்கியே ஆக வேண்டும் என்றால் குறுக்காகச் சாய்த்து எடுத்து, இடையிடையே மண்மேடு போட்டுத் தண்ணீரைப் பக்கத்துப் புல்லுக்குள் திருப்பிவிடுங்கள். செங்குத்தான இடத்தில் மண்ணைச் சுரண்டவே வேண்டாம். புல்லை அடியோடு ஒட்ட வெட்டி வாரினால் போதும், வேர் மண்ணிலேயே இருக்கட்டும். ஜேசிபி கொண்டு ஒரே நாளில் முடித்துவிடலாம் என்று யாராவது சொல்வார்கள். நீர்ப்பிடிப்புச் சரிவில் அதற்குச் சம்மதிக்காதீர்கள்.

ஓடைக்கும் சதுப்புக்கும் இரு பக்கமும் ஒரு பட்டையை அப்படியே விட்டுவிடுங்கள். அங்கே உள்ள செடியும் சேறும் மேலிருந்து வரும் மண்ணைப் பிடித்துவைக்கின்றன. அது ஈரமாகவே இருப்பதால் தீயையும் தடுக்கும்.

வாரிய சருகை என்ன செய்வது? கோட்டின் ஓரத்தில் குவித்துவைத்தால் தீ வந்து அதில் ஏறி மறுபக்கம் தாவிவிடும். ஊர்ப்பக்கம் கொண்டுவந்து மக்கவைப்பதே சரி. பிப்ரவரி முழுக்க இலை உதிரும், ஆகவே ஒரு தடவை எடுத்த கோட்டை வாரம் ஒருமுறை மறுபடி வாரிக்கொண்டே இருக்க வேண்டும். இப்போது வனத்துறையினர் இலை ஊதும் எந்திரம் வைத்து இதை விரைவாகச் செய்கிறார்கள். தன்னார்வலர்கள் பெரும்பாலும் கைவிட்டுவிடுவது இந்த இரண்டாம் சுற்று வேலையைத்தான். கோடு எடுத்த அன்று ஐம்பது பேர் வருவதைவிட, அப்புறம் வாராவாரம் ஐந்து பேர் வருவது எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

படி 5: சீகையும் கற்பூர மரமும்

அந்நிய மரங்களை அகற்றி நம் காட்டை மீட்பதற்குத் தமிழ்நாடு அரசு 2022-ல் ஒரு கொள்கையே கொண்டுவந்தது. வெட்டுவது, எதை எப்போது வெட்டுவது எல்லாம் துறையின் முடிவு. நாம் உதவக்கூடிய இடம் அதற்குப் பிறகுதான்.

சீகை விதை மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும். தீயின் சூடு பட்டால் மொத்தமாக முளைக்கும். ஒரு தோப்பை எரித்தால் அடுத்த வருடம் அங்கே கால் வைக்க இடமில்லாமல் சீகைக் கன்று நிற்கும். ஆகவே வெட்டிய கிளைகளை அங்கேயே குவித்துக் கொளுத்துவது இரட்டைத் தவறு. வெளியே கொண்டுவர வேண்டும். முடியாதபோது சிறு துண்டுகளாக்கி, சரிவுக்குக் குறுக்காகத் தரையோடு தரையாகக் கிடத்தினால் மண் அரிப்பையும் தடுக்கும். அடுத்த மழைக்காலத்தில் மண் இளகியிருக்கும்போது கன்றுகளைக் கையால் பிடுங்கலாம். பள்ளிப் பிள்ளைகளுக்குக்கூடக் கற்றுக்கொடுக்கக்கூடிய வேலை இது. உண்ணிச்செடியும் இதே கதைதான், வேரோடு எடுக்காவிட்டால் திரும்ப வரும்.

ஒரு சரிவை ஒரே மூச்சில் மொட்டையடிக்கக் கூடாது. 2009 நவம்பர் மழையில் நீலகிரியில் நடந்த நிலச்சரிவுகளை ஊரில் யாரும் மறக்கவில்லை. பட்டை பட்டையாக எடுத்து, ஒரு பட்டையில் புல்லோ சோலைக் கன்றோ பிடித்த பிறகு அடுத்ததுக்குப் போக வேண்டும்.

இணையத்தில் படித்துவிட்டு, "அமெரிக்காவில் கட்டுப்பாட்டோடு தீ வைத்துத்தானே காட்டைக் காக்கிறார்கள், நாமும் செய்யலாமே" என்று கேட்பவர்கள் உண்டு. அங்கே பாண்டரோசா பைன் காடுகள் அடிக்கடி வரும் சிறு தீயோடு சேர்ந்தே வளர்ந்தவை. தடித்த பட்டை அவற்றைக் காக்கும். நம் சோலை மரங்களுக்கு அந்தக் கவசம் இல்லை, ஓரம் எரிந்தால் சோலை சுருங்கும். புல்வெளியின் கதை வேறு, தோடர்கள் பருவம் பார்த்துப் புல்லை எரித்த வழக்கம் இந்த மலையில் இருந்திருக்கிறது. முதுமலை போன்ற வறண்ட காடுகளில் தீத்தடுப்புக் கோட்டுக்காகத் துறையே பனியீரம் இருக்கும்போது எரிப்பதும் உண்டு. அந்த முடிவு பயிற்சி பெற்றவர்களுடையது. புதிதாக வந்த நம் கையில் தீப்பெட்டி இருக்கவே கூடாது.

படி 6: உங்கள் வேலிக்குள்

டிசம்பர் முதல் கோடை மழை வரை எதையும் எரிப்பதில்லை என்று முடிவெடுங்கள். கவாத்துக் குச்சியை, அதாவது தேயிலைச் செடியைக் கத்தரித்த கிளைகளை, தேயிலைப் பாத்திகளுக்கு இடையிலேயே பரப்பினால் மண்ணுக்கு உரம், ஈரமும் நிற்கும். குப்பையைக் கொளுத்தும் வழக்கம் உங்கள் தெருவில் இருந்தால் பக்கத்து வீட்டு அக்காவிடம் சண்டை போடாமல், குப்பை வண்டி ஏன் அந்தத் தெருவுக்கு வருவதில்லை என்று நகராட்சியில் போய்க் கேளுங்கள். பல இடங்களில் உண்மையான காரணம் அதுதான். விருந்தினர் விடுதி நடத்துபவர்கள் கேம்ப் ஃபயரை அந்த மாதங்களில் நிறுத்திவிட வேண்டும், வாடகைக்கு வருபவர் எவ்வளவு கேட்டாலும் சரி. கூரைமேலும் மழைநீர்த் தகரத்திலும் சேர்ந்த சருகை வாருங்கள். மின்கம்பியை உரசும் கிளையை நீங்களே வெட்டாமல் மின்வாரியத்திடம் சொல்லுங்கள்.

படி 7: புகையைப் பார்ப்பது, சொல்வது

டேராடூனில் உள்ள இந்திய வன அளவை நிறுவனம் செயற்கைக்கோள் கண்ட தீப்புள்ளிகளைக் குறுஞ்செய்தியாக அனுப்புகிறது. அதன் தளத்தில் யாரும் செல்பேசி எண்ணைப் பதிவுசெய்து தங்கள் பகுதியைத் தேர்ந்தெடுக்கலாம். இதேபோல் தீப்புள்ளிகளைக் காட்டும் நாசாவின் ஃபர்ம்ஸ் வரைபடமும் இலவசம். இரண்டையும் முழுதாக நம்பியிருக்க வேண்டாம். ஒரு புள்ளி என்பது 375 மீட்டர் சதுரத்தையோ ஒரு கிலோமீட்டர் சதுரத்தையோ குறிக்கும். செயற்கைக்கோள் நாளில் சில தடவைதான் கடக்கும், மேகம் மூடினால் தெரியாது. எதிர்மலையில் குடியிருப்பவரின் கண் இதைவிட முந்திக்கொள்ளும்.

புகை கண்டால் வனச்சரக அலுவலகத்துக்கும் 101-க்கும் அல்லது 112-க்கும் பேசுங்கள். புகை வெள்ளையா கறுப்பா, எந்த எஸ்டேட்டின் மேல்பக்கம், காற்று எந்தத் திசையில், வண்டி எதுவரை போகும், இந்த நாலையும் சொன்னால் போதும். வாட்ஸ்அப் குழுவில் படம் போடுவது அதற்கு அப்புறம்.

படி 8: தீ பிடித்த அன்று

தீ மேட்டை நோக்கி ஓடும். சரிவு ஒவ்வொரு பத்து டிகிரி கூடும்போதும் அதன் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். 2018 மார்ச் 11 அன்று குரங்கணியில் மலையேறப் போனவர்கள் காய்ந்த புல்வெளியில் தீயில் சிக்கி 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதனால் தீக்கு மேலே உள்ள சரிவில் ஒருபோதும் நிற்காதீர்கள். மேல்நோக்கி ஓடித் தப்பிக்கப் பார்க்காதீர்கள். ஏற்கெனவே எரிந்து ஆறிய இடமோ பாறையோ ரோடோதான் பாதுகாப்பு.

பச்சைக் கொப்பால் அடித்து அணைப்பது, எதிர்த்தீ வைப்பது (வரும் தீக்கு முன்னால் உள்ளதை முந்திக்கொண்டு எரித்துவிடுவது) எல்லாம் பழகியவர்கள் வேலை. நமக்கும் வேலை உண்டு: ரோட்டில் வேடிக்கை பார்க்கும் கார்களை ஒதுக்குவது, குடிதண்ணீரும் சாப்பாடும் கொண்டுபோய்க் கொடுப்பது, லைன் வீடுகளில் (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில்) உள்ள முதியவர்களைக் கூட்டிவருவது. தீ அணைந்த பிறகு காவலர் அழைத்தால் சூடு உள்ள கட்டைகளைப் புரட்டி மண் போடலாம். பருத்திச் சட்டை, தோல் ஷூ போட்டுக்கொள்ளுங்கள். நைலான் உருகி உடம்பில் ஒட்டும்.

படி 9: அணைந்த மறுநாளிலிருந்து முதல் மழை வரை

இந்தச் சில வாரங்களைத்தான் ஊர்கள் பொதுவாக வீணாக்குகின்றன. செய்தி ஓய்ந்துவிடும், எல்லோரும் களைத்திருப்பார்கள். தண்ணீருக்கு உண்மையான ஆபத்து அப்போதுதான் ஆரம்பிக்கிறது.

அனுமதி வாங்கி, வனத்துறை ஆளோடு எரிந்த சரிவைச் சுற்றிப் பாருங்கள். எங்கே சாம்பல் வெள்ளையாகவும் கனமாகவும் இருக்கிறதோ அங்கேதான் தீ கடுமையாக எரிந்தது. அதில் ஓடைக்கு அருகிலுள்ள செங்குத்தான இடத்துக்கே முதல் கவனம். எரிந்து விழுந்த தடிகளைச் சரிவுக்குக் குறுக்காகக் கிடத்தி, தரையோடு ஒட்டும்படி மண் அணைக்கலாம். தென்னைநார் உருளைகளை முளை அடித்து நிறுத்தலாம். எரியாத இடத்தில் வெட்டிய புல்லையோ வைக்கோலையோ பரப்புவது இன்னும் எளிது, மழைத்துளி மண்ணை நேரடியாக அடிக்காமல் தடுக்கும். களைவிதை இல்லாத புல்லாகப் பாருங்கள். மாடுகளையும் ஆட்களையும் அந்தச் சரிவில் விடாதீர்கள். உடனே மரம் நட வேண்டும் என்று ஆசைப்படாதீர்கள், குழி தோண்டினால் பிடிப்பில்லாத மண் மேலும் இளகும். புல் தானாக வரட்டும், சீகை வந்தால் பிடுங்குங்கள்.

நகராட்சியிடம் கேட்க வேண்டியவை: ஓடைத் தடுப்பணைகளில் சேர்ந்த சாம்பலையும் கட்டைகளையும் மழைக்கு முன் அள்ளினார்களா? முதல் மழையின் கலங்கல் நீரை அணைக்குள் விடாமல் திருப்ப வழி இருக்கிறதா? கலங்கல் அளவை தினமும் பார்க்கிறார்களா? வீட்டில் கலங்கிய தண்ணீர் வந்தால் தெளியவைத்து, துணியில் வடிகட்டி, அப்புறம் கொதிக்கவையுங்கள். கொதிக்கவைப்பது கிருமியைக் கொல்லும், சாம்பலை எடுக்காது.

கடைசியாக, ரோட்டிலிருந்து தெரியும் ஒரே இடத்தில் நின்று மாதம் ஒருமுறை அந்தச் சரிவைப் படம் எடுத்து, தேதி போட்டு வையுங்கள். எங்கே புல் பிடித்தது, எங்கே மண் வரிவரியாக அரிக்கிறது என்று அதில் தெரியும். அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்கு முன் அந்தப் படங்களை வனச்சரகரிடமும் நகராட்சிப் பொறியாளரிடமும் கொடுத்துவிடுங்கள். நவம்பரில் எழுத வேண்டிய அடுத்த கடிதத்தோடும் அதே படங்களை இணைக்கலாம்.